பதினோரு முத்திரையும் நாற்பது பக்கமும்

பையனின் அப்பா கோவைக்காரர். ஜப்பானில் நகோயா பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாக ஒரே நாற்காலி. பெண்ணின் அப்பா தி.நகர். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருபத்தைந்து வருஷத்தில் ஒன்பது கம்பெனி. அதில் நான்கு இப்போது இல்லை. இருவரும் தாங்கள் தமிழர்கள் என்பதை அடிக்கடி மறந்துவிடுவதால் அதை நானே சொல்லிவைக்கிறேன். கல்யாணத் தேதி குறிக்க ஃப்ரீமான்ட்டில் ஒரு தோசைக் கடையில் சந்தித்தார்கள்.

ஃப்ரீமான்ட்: வாங்க சம்பந்தி, வாங்க! உங்களைப் பார்த்தது அமேசிங்! ஃப்ளைட் அமேசிங்கா இருந்துச்சா?

நகோயா: (எழுந்து குனிந்து) தாமதத்துக்கு மன்னிக்கணுங்க.

ஃப்ரீமான்ட்: நீங்க பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்களாமே. நான்தான் கால் மணி லேட்டு.

நகோயா: அதைத்தான் சொல்றேனுங்க. நான் முன்னாடியே வந்து உட்கார்ந்ததாலதானே உங்க தாமதம் வெளியே தெரிஞ்சுது. 2017-ல சுகுபா எக்ஸ்பிரஸ்னு ஒரு ரயிலு 20 விநாடி முன்னாலயே கிளம்பிடுச்சு. ஒருத்தரும் புகார் பண்ணலை. கம்பெனியே அறிக்கை விட்டு மன்னிப்புக் கேட்டுது.

ஃப்ரீமான்ட்: எங்க ஆம்ட்ராக் ரயில் வந்து சேர்ந்தா நாங்கதான் அதுக்கு நன்றி சொல்லுவோம். பாதைல பெரும்பகுதி சரக்கு ரயில் கம்பெனிக்காரனோடது. சட்டப்படி பயணி ரயிலுக்குத்தான் முன்னுரிமை. நடைமுறையில முதல்ல சரக்கு போகும், அப்புறம் சட்டம் போகும். சரி, விஷயத்துக்கு வருவோம். மண்டபம் பார்த்துட்டேன். இப்ப சரின்னு சொன்னா இப்பவே போன்ல அட்வான்ஸ் தட்டிடறேன்.

நகோயா: (பல்லிடுக்கில் காற்றை நீளமாக இழுக்கிறார்.)

ஃப்ரீமான்ட்: இது ஆமாவா, இல்லையா? பல்வலியா?

நகோயா: இல்லீங்க... முதல்ல எல்லார்கிட்டயும் தனித்தனியாப் பேசி வெச்சுட்டு, அப்புறம் கூடிப் பேசினா நல்லாருக்கும். கூட்டத்துல புதுசா எதுவும் முடிவாகக் கூடாதுங்க, அது அநாகரிகம். (பையிலிருந்து ஒரு தாளை இரு கைகளாலும் நீட்டுகிறார்.) தேதி சம்பந்தமா ஒரு சுற்றறிக்கை. கையெழுத்துக்குப் பதிலா பதினோரு உறவுக்காரங்க முத்திரை வேணும். ஏழு வாங்கிட்டேன்.

ஃப்ரீமான்ட்: எல்லா முத்திரையும் ஏன் ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கு? கை நடுங்கிச்சா?

நகோயா: எங்க பெரியப்பா முத்திரை மட்டும் நேரா இருக்கு பாருங்க. மத்ததெல்லாம் அவரைப் பார்த்துக் குனியுது. எங்க ஊர் சில ஆபீஸ்ல இப்படித்தானுங்க.

ஃப்ரீமான்ட்: உங்க மந்திரி கோனோ தாரோ 2020-ல இந்த முத்திரையையெல்லாம் ஒழிச்சுக் கட்டறேன்னு கிளம்பினாரே?

நகோயா: கிளம்பினாரு. 'முத்திரை ஒழிப்பு'ன்னு பொறிச்ச ஒரு முத்திரையோட படத்தை ட்விட்டர்ல போட்டாரு. முத்திரைத் தொழிலை நம்பியிருக்கிற யமனாஷி மாகாணத்து கவர்னருக்குக் கோபம் வந்துடுச்சு. நாங்க எதையும் அவசரப்பட்டுத் தூக்கிப் போட மாட்டோமுங்க. அரசாங்க விதியிலிருந்து ஃப்ளாப்பி டிஸ்க்கை எடுத்து முடிச்சதே 2024-லதான்.

ஃப்ரீமான்ட்: ஆனா ஒரு கல்யாணத்துக்கு எதுக்குப் பதினோரு முத்திரை?

நகோயா: நாளைக்கு ஏதாவது தப்பாப் போச்சுன்னா யாரு முடிவு பண்ணினதுன்னு கண்டுபிடிக்க முடியக் கூடாதுல்லைங்க.

ஃப்ரீமான்ட்: நாங்க நேர் எதிர். யார் தப்புங்கிறதை முன்கூட்டியே எழுதி வெச்சிடுவோம். (மேஜையில் ஒரு கட்டைப் போடுகிறார்.) நாற்பது பக்கம். வக்கீல் எழுதினது. கல்யாணத்துக்கு முன்னாடி போடற ஒப்பந்தம். கலிஃபோர்னியாவில கல்யாணத்துக்கப்புறம் ரெண்டு பேர்ல யார் சம்பாதிச்சாலும் ஆளுக்குப் பாதி. அதனால பிரியறப்ப யாருக்கு எதுன்னு இப்பவே தெளிவாப் பேசிட்டா நிம்மதியா சேர்ந்து வாழலாம்.

நகோயா: (முகம் வெளுத்து) தாலி கட்டறதுக்கு முன்னாலயே அறுக்கறதுக்கு ஏற்பாடா சம்பந்தி?

ஃப்ரீமான்ட்: இங்க ஒருத்தன் கம்பெனி ஆரம்பிக்கணும்னு போனா, பணம் போடறவன் கேக்கற முதல் கேள்வியே எப்படி வெளியே போவேங்கிறதுதான். கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு சிக்கல், முடிவான படிவம் கைக்கு வந்து ஏழு நாள் கழிச்சுத்தான் கையெழுத்துப் போடணும்னு சட்டம்.

நகோயா: ஏழு நாள்லயா? அவ்வளவு அவசரமாவா!

ஃப்ரீமான்ட்: அவசரமா? உங்க ஆளு, முதலீட்டாளர் மசயோஷி சன்னைப் பாருங்க. வீவொர்க்குன்னு ஒரு கம்பெனியோட ஆபீஸைப் பன்னிரண்டு நிமிஷம் சுத்திப் பார்த்தாராம். பில்லியன் பில்லியனாப் போட்டார். அதுதான் வேகம்!

நகோயா: 2023 நவம்பர்ல அந்தக் கம்பெனி திவால் நோட்டீஸ் கொடுத்துதுங்களே. பதினோரு முத்திரை கேட்டிருந்தா அந்தப் பணம் இன்னிக்கும் பெட்டியில இருந்திருக்கும்.

ஃப்ரீமான்ட்: ஆனா அதை ஆரம்பிச்ச ஆடம் நியூமன் கோடி கோடியா டாலரை வாங்கிட்டு வெளியே போயிட்டார் பார்த்தீங்களா? அவர்கிட்ட நாற்பது பக்கம் இருந்துது. (இரண்டாவது காபி சொல்கிறார்.) அது போகட்டும். மாப்பிள்ளை வேலையை விட்டுட்டு இங்கதானே வரப்போறார்? கடுதாசி கொடுத்துட்டாரா?

நகோயா: (காற்றை இழுக்கிறார்.) சட்டப்படி ரெண்டு வாரம் முன்னால சொன்னாப் போதுமுங்க. ஆனா சட்டமா வந்து மேனேஜர் மூஞ்சியைப் பார்க்கப் போகுது? அதனால இவனுக்குப் பதிலா ராஜினாமா பண்றதுக்கு ஒரு கம்பெனிகிட்டப் பணம் கட்டியிருக்கான். அவங்களே போன் பண்ணி, 'உங்க ஆளு இனிமே வரமாட்டாரு'ன்னு சொல்லிடுவாங்க. எங்க ஊர்ல இப்ப அது நல்லா ஓடற தொழிலு.

ஃப்ரீமான்ட்: போனுக்குக் காசா? எங்க ஊர்ல அந்தச் சேவையைக் கம்பெனியே இலவசமாப் பண்ணிடுது. காலையில லேப்டாப் பாஸ்வேர்டு ஏத்துக்காது. புரிஞ்சுக்கணும். மொன்டானா ஒரு மாநிலம் தவிர எங்கயும் காரணம் சொல்லணும்னுகூடக் கட்டாயமில்லை. 2021 டிசம்பர்ல பெட்டர் டாட் காம்னு ஒரு வீட்டுக்கடன் கம்பெனி, சுமார் 900 பேரை ஒரே ஜூம் அழைப்புல அனுப்பிச்சுது. எவ்வளவு செலவு மிச்சம்!

நகோயா: தலைவர் குனிஞ்சாருங்களா?

ஃப்ரீமான்ட்: ஜூம்ல குனிஞ்சா வழுக்கைதானே தெரியும்? அப்புறமா மன்னிப்புக் கடுதாசி போட்டார். அனுப்பினதுக்கு இல்லை, அனுப்பின விதத்துக்கு.

நகோயா: எங்க ஊர்ல அப்படி இல்லீங்க. 1997-ல யமாயிச்சின்னு நூறு வயசுப் பங்கு வர்த்தகக் கம்பெனி மூழ்கிச்சு. தலைவர் நோசாவா டிவி முன்னால எழுந்து நின்னு, தப்பு முழுக்க எங்களோடது, ஊழியர்கள்மேல ஒரு குத்தமும் இல்லைன்னு கதறிக் கதறி அழுதாரு. நாடே கலங்கிப் போச்சு.

ஃப்ரீமான்ட்: எதுனால மூழ்கிச்சு?

நகோயா: நஷ்டத்தையெல்லாம் வருஷக்கணக்கா ஒளிச்சு வெச்சிருந்தாங்க.

ஃப்ரீமான்ட்: எவ்வளவு?

நகோயா: அது... அழுகைதானுங்க ஞாபகம் இருக்கு.

ஃப்ரீமான்ட்: (கைதட்டி) பிரமாதம்! எங்க ஆளுங்களுக்கு இது தெரியாமப் போச்சே. 2008 நவம்பர்ல டெட்ராய்ட்டின் மூணு கார் கம்பெனித் தலைவர்களும் 25 பில்லியன் டாலர் உதவி கேட்டு வாஷிங்டன் வந்தாங்க, ஆளுக்கொரு தனி ஜெட்ல. காங்கிரஸ்காரங்க காறித் துப்பாத குறை. அடுத்த மாசம் திரும்ப வந்தப்ப கார்ல வந்தாங்க. அழணும்னு ஒருத்தருக்கும் தோணலை. அழுதா குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு வக்கீல் விடமாட்டார்.

நகோயா: நாங்க குச்சி ஐஸுக்கே குனிவோமுங்க. காரிகாரி-குன்னு ஒரு ஐஸ். 2016-ல 60 யென்லேருந்து 70 யென்னுக்கு ஏத்தினாங்க. கம்பெனிக்காரங்க எல்லாம் வரிசையா நின்னு டிவி விளம்பரத்துல தலைகுனிஞ்சாங்க.

ஃப்ரீமான்ட்: பத்து யென் திரும்பக் கிடைச்சுதா?

நகோயா: இல்லீங்க. மன்னிப்புக் கிடைச்சுது.

(இங்கே நான் குறுக்கிட்டே ஆக வேண்டும். இதுவரை இருவரும் தத்தம் ஊரின் நல்லதைச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். ஜன்னல் வழியே கையை நீட்டி, 'அந்தப் பக்கம்தான் டெஸ்லா ஆலை' என்று பெண்ணின் அப்பா காட்டியபோதுதான் பேச்சு சூடுபிடித்தது.)

நகோயா: அது எங்க ஆலைதானுங்களே! 1984-ல டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து நும்மின்னு பேர் வெச்சு நடத்தினது. அதுக்கு முன்னால ஜிஎம் தனியா நடத்தி, 1982-ல இழுத்து மூடினாங்க. தப்பா நினைக்காதீங்க சம்பந்தி, அப்ப உங்க தொழிலாளிங்க யோக்கியதை என்ன? அஞ்சு பேர்ல ஒருத்தரு வேலைக்கே வரமாட்டாரு. வந்தவரு குடிச்சிருப்பாரு. கம்பெனி மேல இருக்கிற கோபத்துக்குக் கார் கதவுக்குள்ள பாட்டிலைப் போட்டு மூடி அனுப்புவாங்களாம், ஓட்டறப்ப கடகடக்கட்டும்னு. எங்க ஜனங்களுக்கு ஒழுக்கம் ரத்தத்துலயே இருக்குதுங்க.

ஃப்ரீமான்ட்: ரைட்டு. டொயோட்டா வந்து யாரை வேலைக்கு வெச்சுது?

நகோயா: பழைய ஆளுங்களைத்தான். பெரும்பாலும் அவங்களேதான். அதே யூனியன்.

ஃப்ரீமான்ட்: ரத்தத்தை மாத்தினாங்களா?

நகோயா: (காற்றை இழுக்கிறார்.) நூத்துக்கணக்கான பேரை டொயோட்டா நகரத்துக்கே கூட்டிட்டுப் போய்ப் பழக்கினாங்க. அப்புறம் ஒரு கயிறு கட்டினாங்க. வேலையில பிசகு தெரிஞ்சா யாரு வேணும்னாலும் கயிறை இழுக்கலாம். மேற்பார்வையாளரு ஓடி வருவாரு. சரியாகலைன்னா லைனே நின்னுடும்.

ஃப்ரீமான்ட்: பழைய ஆலையில லைனை நிறுத்தினவன் வீட்டுக்குப் போகணும். எது எப்படிப் போனாலும் கார் நகர்ந்துக்கிட்டே இருக்கணும். இப்பச் சொல்லுங்க சம்பந்தி. அதே ஆளு, அதே கை, அதே ஊர் வெயில். கொஞ்ச நாள்லயே அமெரிக்காவுல நல்ல கார் பண்ற ஆலைன்னு பேர் வாங்கிட்டாங்க. முன்னாடி 'அமெரிக்கச் சோம்பேறித்தனம்'னு சொன்னாங்களே, அது எங்க போச்சு? எனக்கென்னமோ, மேனேஜருக்குப் பதில் தெரியாதப்பதான் 'கலாசாரம்'ங்கிற வார்த்தை வாயில வருதுன்னு தோணுது.

நகோயா: அப்புறம் ஏனுங்க ஜிஎம் மத்த ஆலைங்கள்ல அதைப் பண்ணலை? ஜிஎம் மேனேஜருங்க பதினாறு பேர் நும்மிக்குப் போய்க் கத்துக்கிட்டாங்களே, ஊருக்கு ஊர் கயிறு கட்டறதுக்கு என்ன கஷ்டம்?

ஃப்ரீமான்ட்: இதே கலிஃபோர்னியாவில வான் நைஸ் ஆலையில பண்ணிப் பார்த்தாங்க. மேனேஜருக்கு போனஸ் எத்தனை கார் வெளியே போச்சுங்கிற கணக்குல. கயிறை இழுத்தா அவர் பையில கை வெச்ச மாதிரி. யார் இழுப்பா? 1992-ல அதையும் மூடியாச்சு. ஆனா நீங்க ரொம்பப் பெருமைப்படாதீங்க. நும்மி எப்ப மூடினாங்க?

நகோயா: (தண்ணீர் குடித்து) 2009-ல ஜிஎம் திவாலாகி விலகிட்டாங்க. அதனால...

ஃப்ரீமான்ட்: அதனால டொயோட்டாவும் 2010-ல கிளம்பிட்டுது. ஏறக்குறைய 4,700 பேர் தெருவுக்கு. வாழ்நாள் முழுக்க வேலைன்னு சொல்வீங்களே?

நகோயா: அது... ஜப்பான்ல நிரந்தர ஊழியர்களுக்குங்க.

ஃப்ரீமான்ட்: ஜப்பான்ல எல்லாரும் நிரந்தரமா?

நகோயா: மூணுல ஒருத்தருக்கு மேலயே ஒப்பந்தக்காரங்க, பகுதிநேரக்காரங்கதானுங்க. அவங்களைப் பத்தி வெளியூர்ல பேசறதில்லை.

ஃப்ரீமான்ட்: கடைசிக் கார் என்னிக்கு வெளியே வந்துச்சு தெரியுமா? ஏப்ரல் 1. இந்த ஊர்ல முட்டாள்கள் தினம்.

நகோயா: எங்க ஊர்ல அது புது ஊழியர்கள் வேலையில சேர்ற நாளுங்க. கறுப்பு சூட்டுப் போட்டு வரிசையா உட்கார்ந்து தலைவர் பேச்சைக் கேப்பாங்க.

ஃப்ரீமான்ட்: ஒரே நாள்தான், ஒரே விஷயம்தான்னு சொல்றீங்க.

நகோயா: நான் அப்படிச் சொல்லலீங்க. நீங்கதான் சொல்றீங்க. (சுற்றறிக்கையை மடித்து வைக்கிறார்.) தேதிக்கு வருவோமுங்களா? நம்ம முகூர்த்தமும் எங்க ஊர் தாயான்ங்கிற நல்ல நாளும் சேர்ந்து வந்தா நல்லது. புத்சுமெத்சுங்கிற ஆகாத நாள் மட்டும் வேண்டாம். அன்னிக்கு ஜப்பான்ல நிறையப் பேர் கல்யாணம் பண்ண மாட்டாங்க. மண்டபத்துலயே தள்ளுபடி போடுவாங்க.

ஃப்ரீமான்ட்: தள்ளுபடியா? எத்தனை சதவீதம்? சம்பந்தி, அந்த நாளைக் குறிச்சுக்கோங்க!

(பரிமாறுகிறவர் வந்து கையடக்கத் திரையைத் திருப்பி வைக்கிறார். 20, 25, 30 என்று மூன்று கட்டங்கள்.)

நகோயா: இது என்னங்க, மதிப்பெண்ணா?

ஃப்ரீமான்ட்: டிப்ஸ். பல மாநிலத்துல டிப்ஸ் வாங்கற ஆளுக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தாப் போதும். மத்திய அரசு அந்தத் தொகையை 1991-க்கப்புறம் தொடவே இல்லை. மீதியை நாம போடணும்.

நகோயா: ஐயோ பாவம். அப்ப இவருக்கும்...

ஃப்ரீமான்ட்: இல்லை இல்லை, கலிஃபோர்னியாவில முழுக் குறைந்தபட்சக் கூலியும் கொடுத்தாகணும்.

நகோயா: அப்புறம் எதுக்குங்க இது?

ஃப்ரீமான்ட்: சிரிச்சாரே, பார்க்கலையா?

நகோயா: எங்க ஊர் மெக்டொனால்ட்ஸ்ல சிரிப்பை மெனுவுலயே போட்டிருப்பாங்க. விலை 0 யென்.

ஃப்ரீமான்ட்: மெக்டொனால்ட்ஸ் எங்க கம்பெனி சம்பந்தி!

நகோயா: ஆமாங்க. கம்பெனி உங்களுது. சைபர் போட்டது நாங்க.

ஃப்ரீமான்ட்: (20-ஐத் தட்டுகிறார்.) சரி... தப்பா நினைக்க மாட்டீங்கன்னா, பில்லைப் பாதிப் பாதி போட்டுக்கலாமா?

நகோயா: (முதல் தடவையாகக் காற்றை இழுக்காமல், சில்லறைப் பையைத் திறந்து) அதை எப்படிக் கேக்கறதுன்னுதான் நானும் இவ்வளவு நேரமா யோசிச்சுட்டு இருந்தேனுங்க. பாதி வேண்டாம் சம்பந்தி. உங்களுது ரெண்டு காபி.