ஓடியும் நகராத ரன்னிங் மேன்

ஏங்கண்ணு, ஷூ வாங்கியாச்சா? வாங்கியிருப்பே. அடியில வெளக்கு மின்னுதா? மின்னட்டும். போனை நிறுத்த முக்காலி, மூஞ்சிக்கு வெளிச்சம் அடிக்க வட்ட லைட்டு, முப்பது நாள்ல ஷஃபிள் கத்துத் தர்றேன்னு சொன்னவனுக்குக் கட்டின பணம். எல்லாம் ஆச்சு. காலைத் தூக்கி வெக்கிறது ஒண்ணுதான் பாக்கி. அதுக்குள்ள உனக்கு ஒரு வெசனம் வந்துருச்சு. இப்பப் போட்ட ஸ்டெப்புக்கு என்ன பேரு? இது டி-ஸ்டெப்பா, டி-ஸ்டெப்போட தம்பியா? இதை ரன்னிங் மேன்னு சொன்னா எவனாச்சும் சிரிச்சுருவானா?

சிரிக்கத்தான் செய்வான். நீ என்ன பேரு சொன்னாலும் சிரிக்கறதுக்கு ஒருத்தன் உக்காந்திருப்பான். அந்த ஆட்டம் பொறந்ததுல இருந்தே அப்படித்தான். சித்தெ உக்காரு, சொல்றேன்.

ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்னு ஒரு பட்டணம். 1980கள் முடிஞ்சு 1990கள் தொடங்கற காலம். அங்கத்த எளவட்டங்க குடோனு, ஷெட்டுன்னு கெடைச்ச எடத்துல விடிய விடிய பாட்டுப் போட்டு ஆடுனாங்க. பாட்டுன்னா நம்ம கேக்கற பாட்டா? மெஷினு அடிக்கிற டொம் டொம் டொம். அந்தச் சத்தத்துக்குக் கையும் இடுப்பும் என்ன பண்ணும், பாவம்! காலுதான் பதில் சொல்லணும். குதிகாலும் பெருவெரலும் மாத்தி மாத்தி ஊணி, வழுக்கி, தூக்கி ஒரு ஆட்டம் உண்டாச்சு. யாரு உண்டாக்குனது? இப்பப் போயிக் கேட்டியின்னா பத்துப் பேரு கையைத் தூக்குவான். கையைத் தூக்காம மூலையில நிக்கிறான் பாரு, அவனாத்தான் இருக்கும்.

அவங்க அதுக்கு ஷஃபிள்னு பேரு வெக்கல சாமி. ‘ராக்கிங்’னாங்க, ‘ஸ்டாம்பிங்’னாங்க. முக்காவாசிப் பேரு பேரே சொல்லாம ஆடிப்போட்டு, வேர்வையைத் தொடச்சுக்கிட்டு ஊட்டுக்குப் போனாங்க. 2002ல ‘தி ஏஜ்’னு அந்த ஊருப் பத்திரிகை ‘மெல்போர்ன் ஷஃபிள்’னு அச்சுல போட்டுச்சு. அவ்வளவுதான். ஆடாதவன் வெச்ச பேரு நிலைச்சுருச்சு. ஆடுனவனுக்கு அந்தப் பேரு புடிக்கல. புடிக்காட்டி யாரு கேக்கறா?

பொறவு 2005ல யூடியூப் வந்துச்சு. ஆட்டம் கப்பலேறிருச்சு. மலேசியாப் பசங்க அதைக் கப்புன்னு புடிச்சுக்கிட்டாங்க. குழு குழுவாச் சேந்து, நிமிஷத்துக்கு 150 தட்டு விழற ஹார்ட்ஸ்டைல் பாட்டுக்கு அந்தரத்துல பறந்தாங்க. உடனே பஞ்சாயத்து. எது மெல்போர்ன் பாணி, எது மலேசியப் பாணி? எவன் அசலு, எவன் நகலு? லண்டன்காரன் இந்த அக்கப்போரே வேண்டாம்னு, 120க்கும் 130க்கும் நடுவுல போற ஹவுஸ் பாட்டுக்கு அதே காலைக் கொஞ்சம் கோணி, வளைச்சு, வெட்டி ஆடி ‘கட்டிங் ஷேப்ஸ்’னு தனிக்கடை போட்டான். சீனாவுல என்ன பேரு தெரியுமா? பேய்நடை ஆட்டம். அந்தப் பேய்நடையை யாரு ஆடறாங்கங்கற? சாயங்காலமானா பூங்காவுல சேர்ற அம்மாக்களும் ஆத்தாக்களும்! செஜியாங் மாகாணத்துல ஒரு விவசாயத் தம்பதி. புருசனுக்கு ஒரு விபத்துக்குப் பொறவு மனசு ஒடிஞ்சு போச்சு. பொண்டாட்டி அவரைக் கையப் புடிச்சு இழுத்து ஆட வெச்சா. வயக்காட்டுப் பக்கம் ரெண்டு பேரும் ஆடறதை ஊரே பாத்துச்சு, நாடே பாத்துச்சு. அந்தம்மா மொத நாளு, ‘இதுக்கு என்ன பேரு’ன்னு கேட்டுட்டா காலை எடுத்து வெச்சிருப்பாங்கற?

பேரு விஷயத்துல இன்னொரு கூத்து இருக்குது. 2011ல எல்எம்எஃப்ஏஓன்னு அமெரிக்காவுல ஒரு சித்தப்பனும் அண்ணன் மகனும் சேந்து ‘பார்ட்டி ராக் ஆன்தம்’னு ஒரு பாட்டு விட்டாங்க. படத்துல வீதி முச்சூடும் சனம் ஷஃபிள் ஆடுது. அந்த வருஷமே அமெரிக்கப் பட்டியல்ல மொத எடம். இருபது வருஷமாக் குடோனுக்குள்ள காலு தேஞ்சவனை எவனும் ஏன்னு கேக்கல. ஒரே பாட்டுல, ஆட்டத்தையே இவிகதான் கண்டுபுடிச்சாப்ல ஆயிப்போச்சு.

அந்தச் சித்தப்பனோட அப்பன் யாரு? பெர்ரி கோர்டி. மோட்டவுன்னு பாட்டுக் கம்பெனி தொடங்குன மனுசன். அந்தக் கம்பெனிக்கு 25 வருஷம் ஆச்சுன்னு 1983ல நோம்பி கொண்டாடுனாங்களே, அதுலதான் மைக்கேல் ஜாக்சன் முன்னால நடக்கிறாப்ல பின்னால போனது. உலகமே மூன்வாக், மூன்வாக்குன்னு வாயப் பொளந்துச்சு. ஆனாக்க அந்தக் காலுக்கு ‘பேக்ஸ்லைடு’ன்னு ஏற்கெனவே பேரு இருந்துச்சு. பில் பெய்லின்னு ஒரு டாப் டான்ஸ்காரரு 1955லயே நியூயார்க் அப்போலோ அரங்கத்துல அதே மாதிரி பின்னால வழுக்கிக்கிட்டே மேடையை விட்டுப் போயிருக்காரு. படம் இன்னிக்கும் இருக்குது, போயிப் பாரு. நீ எந்தப் பேரைச் சொல்லித் தேடுனாலும் குதிகாலைத் தூக்கணும், மத்த காலைத் தட்டையா இழுக்கணும். பேரை மாத்துனா இழுக்கற வேலை கொறையுமா?

சரி, பேச்சு போதும். எந்திரி. ரன்னிங் மேன் போட்டுக் காட்டு, பாக்கலாம்.

அட, எங்க சாமி ஓடறே? வாசப்படி வரைக்கும் போயிட்டியே!

கேளு. ஒரு முழங்காலைத் தூக்கறே. அதை முன்னால எறக்கறே பாரு, அந்த நொடியிலேயே ஊணியிருந்த காலு பின்னால வழுக்கணும். ரெண்டும் ஒட்டுக்கா. பொறவு பின்னால போன காலு தூக்கிட்டு முன்னால வருது, முன்னால இருந்தது பின்னால வழுக்குது. பாக்கறவனுக்கு நீ ஓடறாப்ல தெரியணும். ஆனா பாட்டு முடியறப்ப நின்ன எடத்துலயே நீ நிக்கணும். நகந்து போயிட்டியின்னா வழுக்கலை மறந்துட்டேன்னு அர்த்தம். நீ செஞ்சது வெறும் நடை. நடக்கறதுக்கு எதுக்கு லைட்டு வெச்ச ஷூ?

வாயில சொல்லிக்கிட்டே பழகு. தூக்கு, வழுக்கு. தூக்கு, வழுக்கு. பரதம் ஆரம்பிக்கிற பொடுசுகளைப் பாத்திருக்கியா? மொதல்ல கத்துக்கறதுக்குப் பேரே தட்டடவு. தட்டுனாத் தட்டடவு. டீச்சரு தட்டுக்கழியில தட்டித் ‘தை யா தை’ன்னு சொல்லச் சொல்ல அதுக காலை வெக்குதுக. காதுல விழற சத்தமே காலுக்கு உத்தரவு. உன்ற ‘தூக்கு, வழுக்கு’க்கும் அதே வேலைதான். மெதுவாப் போற பாட்டுல பழகு. நீ என்னடான்னா மொத நாளே 150 தட்டுக்குப் பாயறே. காலுக்கு ஒண்ணும் புரியாம அது தனியா ஒரு தீர்மானத்துக்கு வந்துருது. முழங்காலை வெறப்பா வெக்காதே, சித்தெ மடங்கியே இருக்கட்டும். பாரத்தைப் பாதத்தோட முன்பக்கத்துல வை. குதிகால்ல தொப்பு தொப்புன்னு எறங்குனா முட்டி உன்னைத் திட்டும், எங்கிட்ட வந்து அழுவாதே.

இதுல இன்னொரு வம்பு. ரன்னிங் மேன்னு எம்சி ஹேமர் காலத்து ஹிப்-ஹாப்லயும் ஒண்ணு இருக்குது. அதுல குதியலும் கைவீச்சும் ஜாஸ்தி, இதுல வழுக்கல் ஜாஸ்தி. பேரு ஒண்ணு, ஆட்டம் ரெண்டு. ‘அதா இதா’ன்னு எவனாச்சும் கேட்டா வாயைத் தொறக்காதே, ஆடிக் காட்டிரு. கேட்டவன் பொட்டாட்டப் போயிருவான்.

டி-ஸ்டெப்பு அத்தனை சிரமமில்ல. ஒரு காலு குதியும் வெரலும் மாத்தி மாத்தித் திரும்பித் திரும்பிப் பக்கவாட்டுல நகரும். இன்னொரு காலு அதுக்குத் தாளம் போடறாப்ல தூக்கித் தூக்கி எறங்கும். நகர்ற கால்ல ரெண்டு காரியம் மட்டுந்தான்: குதியை ஊணி வெரலைத் திருப்பறது, வெரலை ஊணிக் குதியைத் திருப்பறது. டி-ஸ்டெப்பு நகரும், ரன்னிங் மேன் நகராது. ரெண்டையும் கோத்தா ஷஃபிள்ல பாதி வந்துருச்சு. மத்ததெல்லாம் சுத்தறது, திரும்பறது, அவனவன் குசும்பு.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு உங்கம்மா உன்னைக் கேலி பண்றா. ஆனா நான் இதுல உன் பக்கம். இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் அந்தக் கூடத்துக்காரி சொன்னது முக்காவாசி நியாயம். ஆட்டமே வழுக்கல்ல இருக்குது. தரை விடலீன்னா காலு என்ன பண்ணும்? மெல்போர்ன் பசங்களே தரையில டால்கம் பவுடரைத் தூவித்தான் வழுக்குனாங்க. நீ சொரசொரப்பான சிமிட்டி மாடியில, தரையைக் கவ்வற ரப்பர் ஷூவைப் போட்டுக்கிட்டு முறுக்கறே. ஷூ நிக்கும், முட்டி திரும்பும். அடிப்பக்கம் தேஞ்ச பழைய ஷூ ஒண்ணு பரண்மேல கெடக்குது பாரு, அதுதான் இதுக்கு லட்சணம். காசு குடுத்து வாங்குனதை அண்ணன் கல்யாணத்துக்குப் போட்டுக்கோ. மாடியில பவுடரு மட்டும் கொட்டிராதே. உங்கம்மா துணி காயப்போட வருவா, அப்பறம் பேய்நடை யாரு ஆடறான்னு ஊரே பாக்கும்.

அப்ப பேரே வேண்டாமா தாத்தாங்கற. வேண்டாம்னு எவன் சொன்னான்? கூட ஆடறவங்கிட்ட ‘அடுத்து இது’ன்னு சொல்லணும். கத்துக் குடுக்கறவங்கிட்ட ‘இது வரமாட்டேங்குது’ன்னு கேக்கணும். போன்ல தேடணும். அதுக்குப் பேரு வேணும். அதுக்கு மேல போறதெல்லாம் நொரநாட்டியம். சார்ல்ஸ்டன்னு ஒரு ஸ்டெப்பு உங்க ஷஃபிள்ல இருக்குதே, அது அமெரிக்காவுல தெற்குக் கரோலினாவுல ஒரு ஊருப் பேரு. 1923ல ‘ரன்னின் வைல்டு’ங்கற நாடகத்துல அந்தப் பேருல ஒரு பாட்டு வந்துச்சு, ஆட்டம் ஒலகமெல்லாம் பரவுச்சு. நூறு வருஷமா அந்தப் பேரு நிக்குது. ஸ்பாஞ்ச்பாப்னு இன்னொண்ணு வெச்சிருக்கீங்க. கடலுக்கடியில குடியிருக்கற மஞ்சப் பொம்மைப் பேரு. காலை ரெண்டு பக்கமும் வீசி வீசிக் குதிக்கறதுக்கு அது பொருத்தமாத்தான் இருக்குது, நான் குத்தம் சொல்லல. ஆனா அந்தப் பேரைத் தப்பாச் சொல்லிட்டான்னு ஒருத்தனை நீ அரைமணி நேரம் நிறுத்தி வெச்சுத் திருத்துனியே அன்னிக்கு, அதுதான் எனக்குச் சிரிப்பு. மெல்போர்ன்ல ஆடுனவனே பேரை விட்டுக் குடுத்துட்டு ஆடறான். நீ எந்தக் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போறே?

திருத்தறவன் ஒவ்வொருத்தனையும் உத்துப் பாரு கண்ணு. நாக்கு நிக்காது, காலு நகராது. நல்லா ஆடறவங்கிட்டப் போயி ‘இது என்ன ஸ்டெப்பு’ன்னு கேளு. ஒரு நிமிஷம் முழிப்பான். ‘அதாங்க, இப்படி...’ன்னு ஆடிக் காட்டிருவான். அவங்கிட்டக் கத்துக்கோ. பேரு தெரியாட்டி ‘அந்தப் பின்னால இழுக்கறது’ன்னு சொல்லு, அவனுக்கு வெளங்கும்.

போ, இன்னிக்கு ரன்னிங் மேன் மட்டும் போடு. காலைப் பாத்துக் குனியாம ஆட வரும் வரைக்கும் டி-ஸ்டெப்பைத் தொடாதே. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல மட்டும் வேண்டாஞ்சாமி. கீழ் வீட்டுல கைக்கொழந்தை இருக்குது, நீ தூக்கி வழுக்கற ஒவ்வொரு தடவையும் அவிக சுண்ணாம்பு உதுருதாம்.