சீகிரியப் பெண்களும் றொசல்லக் கொழுந்தும்: ஒரு மூக்காய்வு

கலை வரலாற்றைத் தழுவி, பழமும் பூவும் மணக்கும் பெண்கள் சென்ட் ஒன்றை இலங்கையில் தயாரிப்பதானால், போத்தலில் யார் படத்தை ஒட்டுவது? அறிஞர் பெருமக்கள் அசட்டையாக விட்டுவிட்ட இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதல் தகுதி சீகிரியக் குன்றில் தீட்டப்பட்ட ஓவியப் பெண்களுக்கே. 5ஆம் நூற்றாண்டு, காசியப்ப மன்னன் காலம். கையில் பூ, பக்கத்தில் பூத்தட்டோடு தோழி. இவர்களைக் கண்டு கிறங்கியவர்கள் அங்குள்ள ‘கண்ணாடிச் சுவரில்’ கீறிவைத்த பாடல்களில் 685ஐ சேனரத் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். எந்தச் சென்டுக்கும் இவ்வளவு விளம்பரம் வாய்த்ததில்லை. பழம் இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். பழமே சேர்க்காமல் பீச் மணத்தை ஏற்றலாம் என்று கெர்லேன் கம்பனி 1919இலேயே ‘மிட்சுக்கோ’வில் காட்டிவிட்டது. குறை ஒன்றே: சுவரை முகர்ந்தால் சுவர்தான் மணக்கும்.

அடுத்த தகுதி, தேயிலைப் பெட்டியில் கூடையோடு சிரிக்கும் பெண்ணுக்கு. அவளும் சித்திரம்தானே! களம்: வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையிலுள்ள றொசல்ல. கருவி: ஒரு மூக்கு, குளிரில் அது அடைத்துக்கொண்டால் மாற்று மூக்கு ஒன்று.

கண்டவை பின்வருமாறு. மேல்மணம்: இடுப்பில் கட்டிய, மழையில் ஊறிய படங்குச் சீலை. நடுமணம்: தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய். அடிமணம்: நிறுவை முடிந்து கூடையை இறக்கியபின் தோளில் தேய்க்கும் சித்தாலேப தைலம். இது விடியும்வரை நிற்கும்.

அப்படியானால் பழமும் பூவும் எங்கே? கூடைக்குள். பச்சைக் கொழுந்தில் அந்த மணத்தின் பெரும்பங்கு சர்க்கரையோடு பிணைந்து ஒளிந்திருக்கிறது. இலை இரவு முழுக்கக் காற்றில் வாடி, உருளையில் நசுங்கும்போது, அதன் நொதியங்கள் அந்தப் பிணைப்பை அறுக்கின்றன. மல்லிகையிலுள்ள லினலூலும் ரோஜாவிலுள்ள ஜெரானியோலும் அப்போது கிளம்புகின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை, உலர்காற்று வீசும் மாதங்களில், மணம் தூக்கலாக இருக்கும். பிறகு மூட்டை கட்டிக் கொழும்பு ஏலத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆய்வின் முடிவு: பழமலர் சென்ட் றொசல்லவில் ஏற்கெனவே தயாராகிறது. பெட்டிக்கு உள்ளே வாசனை, வெளியே அவள் படம், தோளில் சித்தாலேப.

ஆகவே கம்பனிக்காரருக்கு ஒரு பரிந்துரை: படம் தேடிச் சீகிரியா ஏறி மூச்சு வாங்க வேண்டாம். றொசல்லவில் ரயிலை விட்டு இறங்குங்கள். படத்துக்கு நிற்கும் அக்காவுக்கு அன்றைய பேரை, அதாவது தோட்டத்து நாட்சம்பளக் கணக்கை, முதலில் போட்டுவிடுங்கள்; அரைப்பேர் அல்ல, முழுப்பேர்.