விருதுநகரில் இறங்காத விமானங்கள்

விருதுநகர் மாவட்டத்தில் ரயில் உண்டு, நான்குவழிச் சாலை உண்டு, எண்ணெய் பரோட்டா உண்டு. விமான நிலையம் மட்டும் கிடையாது. இதை வைத்தே, வான்வழி வரலாற்றுக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று படித்தவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அவர்கள் மேப்பை விரித்து, திருச்சிக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டுப் பார்க்கட்டும். கோடு சிவகாசியை உரசிக்கொண்டு போகும். அது உரசினால் பற்றிக்கொள்கிற ஊர் வேறு. ஆகவே, மேலே போனவர்களின் வரலாற்றைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் பக்கமிருந்து ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கழுத்து வலி எங்களுக்குத்தானே.

ஆதியில் இருந்தது புஷ்பக விமானம். அதுவே செகண்ட் ஹேண்ட். குபேரனின் வண்டியை அவன் தம்பி ராவணன் பிடுங்கிக்கொண்டான், ஆர்.சி. புத்தகத்தில் பேர் மாற்றினானா என்று வால்மீகியும் சொல்லவில்லை, கம்பரும் சொல்லவில்லை. சண்டை முடிந்ததும் ராமர் அதே வண்டியில் அயோத்தி போய், பிறகு சொந்தக்காரனிடமே திருப்பி அனுப்பிவைத்தார். இந்த நாட்டில் அரசாங்கக் காரியத்துக்கு எடுத்த வண்டி ஒழுங்காகத் திரும்பிப் போனது அதுதான் கடைசித் தடவை. போகிற வழியில் சீதைக்கு ஜன்னல் பக்கமாகச் சேதுவைக் காட்டியிருக்கிறார். இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததாகத் தகவல் இல்லை.

முறையாகப் பயிற்சி எடுத்து விமானம் ஓட்டிய முதல் ஆள், தமிழ் இலக்கியக் கணக்குப்படி, ஒரு நிறைமாதக் கர்ப்பிணி. சீவக சிந்தாமணியில் வரும் விசயை. அவள் புருஷன் சச்சந்தன், ஏமாங்கத நாட்டு ராஜா. ராஜ்யத்தை மந்திரி கட்டியங்காரனிடம் ஒப்படைத்துவிட்டு அந்தப்புரத்தில் நிரந்தர விலாசம் வாங்கியவன். மனைவிக்குக் கெட்ட கனவு வந்ததும் அவன் படையைக் கூட்டவில்லை, மந்திரியை மாற்றவும் இல்லை. ஆசாரியைக் கூப்பிட்டுப் பறக்கும் மயிற்பொறி ஒன்று செய்யச் சொன்னான். ஒரு சீட்டுதான். பொறியை ஒரு பக்கம் முறுக்கினால் ஏறும், மறுபக்கம் முறுக்கினால் இறங்கும். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்த அன்று அவளை அதில் ஏற்றி அனுப்பிவிட்டுச் சண்டைக்குப் போனான், செத்தான். எதிரியின் வெற்றி முரசு காதில் விழ, அவள் மயங்க, மயில் தானாக ஒரு சுடுகாட்டில் இறங்கியது. சீவகன் அங்கே பிறந்தான். இன்றைய விசாரணை அதிகாரிகளிடம் கொடுத்திருந்தால் அறிக்கை இப்படி இருந்திருக்கும்: இயந்திரக் கோளாறு இல்லை, விபத்துக்குக் காரணம் ஒலி மாசு, புறப்பட்டது ஒருவர், வந்து சேர்ந்தது இருவர்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் தமிழ்நாட்டில் யாரும் ஓட்டவில்லை. 1910 மார்ச்சில் ஓட்டியவர் ஒரு ஹோட்டல்காரர். ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ், கார்சிகாக்காரர், சென்னை மவுண்ட் ரோட்டில் பெரிய ஹோட்டல் வைத்திருந்தார். முந்தின வருஷம் பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலீஷ் கால்வாயைப் பறந்தே தாண்டிய செய்தி வந்ததும் இவருக்கும் ஆசை வந்துவிட்டது. சாரட்டு வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனியிடம் போய் ஒரு ஏரோப்ளேன் கட்டிக்கொடுங்கள் என்றார். கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, தீவுத்திடலில் டிக்கெட் போட்டு ஜனங்களுக்குக் காட்டினார். கூட வர யாருக்கு தைரியம் என்று கேட்டபோது ஒரு சின்னப் பையன்தான் ஏறினான். பெரியவர்கள் எல்லாரும் அன்று விவரமாக இருந்திருக்கிறார்கள்.

ஆனால் ஆரம்பகால இந்திய விமானம் என்றதும் புத்தகங்கள் நேராக அலகாபாத்துக்கு ஓடும். 1911 பிப்ரவரி 18 அன்று ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கிருந்து யமுனைக்கு அக்கரையில் இருக்கும் நைனிக்கு 6,500 கடிதங்களைக் கொண்டுபோனார். 13 நிமிஷப் பயணம். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால். நம் ஆள் பதினோரு மாசம் முந்தியவர், ஆனால் தபால் முத்திரை குத்தத் தெரியாதவர். முத்திரை குத்தியவனுக்குத்தான் சரித்திரம்.

1932 அக்டோபர் 15 கதை எல்லாருக்கும் தெரியும். ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒரு புஸ் மாத் விமானத்தில் தபால் பையோடு பம்பாய் வந்தார். நடுவில் அகமதாபாத்தில் பெட்ரோல் போட்டார்கள். பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில், டின் டின்னாக. இந்தியாவின் முதல் விமானக் கம்பெனி மாடு இழுத்து ஸ்டார்ட் ஆனது என்பதை ஏர்லைன்ஸ் விளம்பரங்களில் யாரும் போடுவதில்லை. பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் வேறொரு புஸ் மாத்தில் பெல்லாரியில் ராத்தங்கி, மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார். அதற்குத் தெற்கே? கடிதம் எக்மோரில் ரயிலேறி, கரி வண்டியில் வழக்கம்போல வந்தது. 1935 நவம்பரில், இலங்கை ரத்மலானையில் புதிதாகப் போட்ட விமானத் தளத்தில் முதன்முதலாக இறங்கியவர் சென்னை ஃப்ளையிங் கிளப்பின் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ. 1938ல் டாட்டாவும் திருச்சி வழியாகக் கொழும்புக்கு விட்டார். ராமருக்குத் தெரிந்த ரூட்டை விட்டு யாரும் ஒரு அங்குலம் விலகவில்லை.

இந்த இடத்தில் ஒரு தபால்தலைப் பித்தரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். கல்கத்தாவில் ஸ்டீபன் ஸ்மித் என்று ஒருவர் இருந்தார். விமானத் தபால் உறைகளைச் சேகரிக்கிற சங்கத்தின் செயலாளர். சேகரிக்க உறை போதவில்லை போலிருக்கிறது. தானே பறக்கவிட ஆரம்பித்துவிட்டார். விமானம் வாங்கக் காசில்லை, ராக்கெட் வாங்கக் காசிருந்தது. கல்கத்தாவில் பட்டாசு செய்கிறவர்களைப் பிடித்து ராக்கெட் செய்யச் சொல்லி, அதன் வயிற்றில் கடிதங்களைத் திணித்து, 1934லிருந்து பத்து வருஷத்தில் ஏறத்தாழ 270 ராக்கெட்டுகள் விட்டார். கப்பலிலிருந்து கரைக்கு விட்டார். சிக்கிம் மன்னர் ஆதரவோடு மலையில் விட்டார். 1935 ஜூன் 29 அன்று ஒரு சேவலையும் ஒரு பெட்டைக்கோழியையும் உள்ளே வைத்து தாமோதர் நதியைத் தாண்டவிட்டார். இரண்டும் உயிரோடு இறங்கின. பெயர் ஆதாம், ஏவாள். பட்டாசுக்குள் போன கோழி குழம்புக்குள் போகாமல் தப்பித்தது உலக சரித்திரத்தில் அபூர்வம். 1992ல் இந்திய அரசு ஸ்மித்துக்கு ஒரு தபால்தலையே வெளியிட்டது. சேகரித்தவரைச் சேகரித்துவிட்டார்கள்.

அதே கல்கத்தாவுக்குத்தான் 1922ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் போனார்கள். மழை பொய்த்த கரிசல் பூமியில் பிழைக்க வழி தேடிப் போனவர்கள், தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். பட்டாசு பின்னால் வந்தது. உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு நின்றதும், 1940ல் வெடிமருந்து விதிகள் வந்து லைசென்ஸ் முறை ஆரம்பித்ததும், சிவகாசியில் ஒழுங்கான ஆலைகள் எழுந்தன. நாங்கள் வானத்துக்கு அனுப்பிய முதல் வாகனம் அப்படித்தான் புறப்பட்டது. காகிதக் குழல், உள்ளே கெட்டித்த கருமருந்து, ஒரு திரி, ஒரு குச்சி. அந்தக் குச்சிதான் வால், அதுதான் ஸ்டீயரிங், அதுதான் பைலட். குச்சி வளைந்திருந்தால் ராக்கெட் நேராக மாமனார் வீட்டு மாடிக்குப் போகும். ஏவுதளம் காலி சோடா பாட்டில். ஆலை விபத்துகள் இந்தக் கதையில் இல்லை. அவற்றில் சிரிக்க எதுவும் இல்லை.

1942ல் நிலைமை சீரியஸானது. பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று குண்டு போட்டன. சென்னை மூட்டை கட்டியது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்னாவது என்று மிருகக்காட்சி சாலையின் புலி சிங்கங்களைச் சுட்டுத் தள்ளினார்கள். ஜப்பான்காரன் வருவதற்குள் முதல் பலி அவைதான், கொன்றது நம் அரசாங்கம். குட்டி ஜப்பான் என்று சிவகாசிக்குப் பின்னால் பெயர் வந்தது; அசல் ஜப்பான் மட்டும் கடைசிவரை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அவர்கள் வந்தால் எதிர்கொள்ள வேண்டும் என்று வெள்ளைக்காரன் தெற்கே ஆங்காங்கே ஓடுதளம் போட்டான். மதுரையை ராயல் ஏர்ஃபோர்ஸ் பயன்படுத்தியது. சாத்தூர், கோவில்பட்டி தாண்டி, கயத்தாறிலும் ஒன்று. கயத்தாறு எது? 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட ஊர். பீரங்கிக்கு அஞ்சாத மனுஷனைத் தொங்கவிட்ட இடத்துக்குப் பக்கத்தில், நூற்று நாற்பது வருஷம் கழித்து, ஜப்பானுக்கு அஞ்சி தளம் போட்டார்கள். போர் முடிந்தது, போட்டவர்கள் போய்விட்டார்கள். இன்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. விமானம் பறந்துவிட்டது, புரொப்பெல்லர் மட்டும் நின்று சுற்றுகிறது.

போரில் மிஞ்சிய டக்கோட்டா விமானங்களை மலிவு விலைக்குத் தள்ளிவிட்டதில் இந்தியாவில் தடுக்கி விழுந்தால் ஒரு ஏர்லைன்ஸ் என்றாகி, 1953ல் அரசு எட்டுக் கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கியது. டக்கோட்டாவுக்கு வால் பக்கம் ஒரு குட்டிச் சக்கரம். தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். பின்பக்கக் கதவில் ஏறி முன்சீட்டுக்குப் போவதற்குள் பழனி படி ஏறிய மூச்சு வாங்கும். உட்கார்ந்ததும் காதுக்குப் பஞ்சும் வாய்க்குப் பெப்பர்மின்ட்டும் தருவார்கள். சத்தத்தில் பக்கத்து சீட்டுக்காரரோடு பேச முடியாது என்பதால், அரசியல் பேசாமல் தமிழர்கள் பயணம் செய்த ஒரே வாகனமும் அதுதான். மதுரை விமான நிலையம் மதுரைக்குத் தெற்கே, எங்கள் திசையில் இருக்கிறது. ஆகவே அதில் பாதி எங்களுடையது என்று விருதுநகர்க்காரர்கள் மனசுக்குள் பட்டா போட்டுக்கொண்டார்கள். 2012 செப்டம்பரில் அங்கிருந்து முதல் வெளிநாட்டு விமானம் புறப்பட்டது. எங்கே? கொழும்புக்கு. மறுபடியும் சேது.

உண்மையில் எங்கள் ஊரில் அதிகம் பேர் ஏறிய விமானம் அட்டையில் செய்தது. பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் போட்டோ ஸ்டால்காரர் வைத்திருப்பார். ஒரு பக்கம்தான் விமானம். மறுபக்கம் சட்டமும் பெஞ்சும். ஜன்னல் வெட்டிய ஓட்டையில் ஆளுக்கொரு தலை. ஓட்டுகிற இடம் தாத்தாவுக்கு, அவர் துண்டை எடுக்கமாட்டார். ஸ்டால் அகலம் போதாமல் வாலைப் பாதியில் அறுத்திருப்பார்கள். இறக்கையில் பதிவு எண் இருக்கவேண்டிய இடத்தில் ஆர்ட்டிஸ்ட் கையெழுத்து. பின்னால் திரைச்சீலையில் மேகம், அதே உயரத்தில் ஒரு தென்னை மரம். ஓவியர் கொண்டையராஜு நாடகத்துக்குத் திரை வரைந்து, பிறகு சாமி படம் வரைந்து, சிவகாசி காலண்டர்களை ஆண்ட கோவில்பட்டி பக்கத்து ஊர் நாங்கள். தென்னை மரம் இல்லாமல் வானம் வரையத் தெரியாது. அந்த விமானத்துக்கு ஒரு விபத்து கிடையாது, ஒரு நிமிஷத் தாமதம் கிடையாது. எடுத்த படம் இன்றும் பல வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

இப்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பதற்குப் படித்த பையன்கள் வந்துவிட்டார்கள். செல்போனில் ஆப்பைத் திறந்து, வி.டி. என்று ஆரம்பிக்கும் பதிவு எண், எந்த வருஷத்து மாடல், எத்தனை அடி உயரம் எல்லாம் சொல்கிறார்கள். டீக்கடை வாசலில் அப்படி ஒருவன் பேசிக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, மேல பாருங்க, ஏர்பஸ் முந்நூத்தி இருபது."

"பஸ்ஸா? இங்க நிக்குமா தம்பி?"

"நிக்காது அண்ணாச்சி."

"அப்ப பைபாஸ் ரைடர்னு சொல்லு."

நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட வான்வழி வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, மதுரையில் விமானம் ஏறப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிவகாசியின் மூன்று சரக்கில் பட்டாசை விமானத்தில் ஏற்றவே கூடாது, கைப்பையிலும் சரி, பெரிய பெட்டியிலும் சரி. தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வானத்துக்கு அதிகம் அனுப்புகிற ஊரின் சரக்குக்கு வானத்தில் அனுமதி இல்லை. காலண்டர் கொண்டுபோகலாம். சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள்.