ஏறும்போது ஏற்றுமதி, இறங்கும்போது இறக்குமதி

வரி ஏறிவிட்டது என்று கேட்டதும் முகம் மலர்கிற ஜீவன் உலகத்தில் ஒன்றுதான் உண்டு: சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்கப் போய், பெட்டி நிறையச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர். அங்கே ஜி.எஸ்.டி. பிறந்தது 1994 ஏப்ரலில், வெறும் 3 சதவீதமாக. 2003-ல் 4, 2004-ல் 5, 2007-ல் 7 என்று வளர்ந்து, 2023-ல் 8 ஆகி, 2024-லிருந்து 9-ல் நிற்கிறது. கடைசி இரண்டு ஏற்றத்துக்கும் அங்கே குடியிருக்கும் என் மாமா வாட்ஸ்அப்பில் புலம்பித் தீர்த்துவிட்டார். அவருடைய அக்கா, அதாவது என் அம்மா, பட்டுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப இந்தத் தடவை நமக்கு நெறைய திரும்பி வரும்ல?” என்றாள்.

அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஜி.எஸ்.டி. என்பது ஒரு நாட்டுக்குள் அனுபவிக்கிற பொருளுக்கு, அனுபவிக்கிறவர் தரும் வரி. நாட்டைவிட்டு வெளியே போகிற சரக்குக்கு அது கிடையாது. துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றுகிறவருக்கு இந்தச் சலுகை உண்டென்றால், சாங்கி விமான நிலையத்தில் சக்கரப்பெட்டி உருட்டுகிறவருக்கும் உண்டு. வரிச் சட்டத்தின் கண்ணில் அவரும் ஒரு ஏற்றுமதியாளர்தான். என்ன, சற்றுக் களைத்துப்போன ஏற்றுமதியாளர். அதனால்தான் ஓட்டல் அறை வாடகைக்கும், சிராங்கூன் சாலையில் சாப்பிட்ட மீன்தலைக் கறிக்கும் ஒரு காசு திரும்பாது. அதெல்லாம் அங்கேயே அனுபவித்து முடிந்த கணக்கு.

எங்கள் குடும்பத்தின் முதல் ஏற்றுமதி தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. அப்பா தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். முத்திரை என்றால் அவருக்கு ஒரு பக்தி. மாமா அனுப்பிய டிக்கெட்டில் நாங்கள் போய், கோடாலித் தைலமும் மைலோ டின்னும் முஸ்தபா கடையில் வாங்கி முடித்த பிறகு, அப்பா ஒரு வீடியோ கேமராவுக்கு ஆசைப்பட்டார். வேறொரு கடையில் விலை பேசி 800 சிங்கப்பூர் வெள்ளிக்கு முடித்தோம். கடைக்காரப் பெண் ஒரு நீளமான படிவத்தை எடுத்து, கேமராவின் சீரியல் நம்பர், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாள். முகவரிக் கட்டங்களில் ‘பிள்ளையார் கோயில் எதிரில்’ வரைக்கும்தான் இடம் இருந்தது. ஊர்ப் பெயரை ஓரத்தில் செங்குத்தாக எழுத வேண்டியதாயிற்று. எந்தக் கடிதமும் இந்த லட்சணத்தில் போய்ச் சேராது என்று அப்பா அப்போதே சொன்னார்.

எவ்வளவு திரும்பும் என்பதில் அன்றிரவு ஒரு சச்சரவு. 800-க்கு 3 சதவீதம் 24 வெள்ளி என்பது அப்பாவின் கணக்கு.

“அப்படி இல்ல அத்தான்” என்றார் மாமா. “100 வெள்ளிச் சாமானுக்கு மூணு வெள்ளி வரி போட்டு 103-க்கு விக்கிறான். நீங்க குடுத்த 800-ம் அந்த மூணையும் சேர்த்துத்தான். 103-க்கு மூணுன்னா 800-க்கு எவ்வளவு? 23 வெள்ளி 30 காசு.”

“அப்ப மிச்சம் 70 காசு?”

“அப்படி ஒரு 70 காசே கிடையாது அத்தான். போதாததுக்கு இந்த 23-லயும், திருப்பித் தர்ற ஏஜென்சிக்காரன் கட்டணம்னு ஒண்ணு எடுத்துப்பான்.”

அப்பா அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரிக்குப் பொருளைக் காட்டி, படிவத்தில் முத்திரை வாங்கியாக வேண்டும். கேமரா எங்கே இருந்தது? அட்டைப்பெட்டியின் அடியில், இரண்டு வேட்டிக்கு நடுவில், மைலோ டின்களுக்குக் கீழே. பெட்டியைச் சுற்றி நைலான் கயிறு. அதில் மாமா போட்ட முடிச்சுகள், கப்பலையே கட்டி நிறுத்தும். அப்பா மண்டியிட்டு ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். அதிகாரி ஓர் இளைஞர். சலிக்காமல் காத்திருந்தார். கேமராவைக் கையில் வாங்கி, திருப்பி, சீரியல் நம்பரை ஒவ்வோர் எண்ணாகப் படிவத்தோடு ஒப்பிட்டார். பிறகு ஓங்கி ஒரு குத்து. அப்பா படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “தேதி எவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு பாரு” என்று என்னிடம் காட்டினார். பணத்தை அங்கேயே ரொக்கமாக வாங்கும் வரிசை நீளம். விமானத்துக்கு அழைத்துவிட்டார்கள். ஆகவே படிவத்தை உறையிலிட்டுத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு ஓடினோம். காசோலை வீட்டுக்கு வரும் என்றார்கள்.

நான்கு மணி நேரத்தில் மீனம்பாக்கம். அங்கே எங்கள் ஏற்றுமதி, ஒரு கடலைத் தாண்டிய குற்றத்துக்காக இறக்குமதி ஆகிவிட்டது. சாக்பீஸ் வைத்திருந்த அதிகாரி, “உள்ளே என்ன?” என்றார். எங்களோடு இறங்கியவர்கள் அத்தனை பேரும் ‘பழைய துணி’ என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அப்பா மட்டும் “வீடியோ கேமரா, 800 வெள்ளி, பில் இருக்கு” என்றார். பின்னால் நின்றவர் தலையில் அடித்துக்கொண்டார். சாங்கியில் வரியைத் திரும்பப் பெறக் காட்டிய அதே பில், இங்கே வரி கட்டச் சாட்சி சொன்னது. கட்டிய தீர்வை, வரவேண்டிய ரீஃபண்டைப்போலப் பல மடங்கு. ரசீதில் விழுந்த முத்திரை தெளிவாக இல்லை என்பதுதான் அப்பாவுக்கு வருத்தம்.

காசோலையும் வந்து சேர்ந்தது. செங்குத்தாக எழுதிய ஊர்ப் பெயரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்த தபால்காரரை அப்பா வீட்டுக்குள் அழைத்துக் காபி கொடுத்தார். கட்டணம் போக இருபது வெள்ளிகூட முழுதாக இல்லை. உள்ளூர் வங்கியில் அதை வாங்கிய குமாஸ்தா முன்னும் பின்னும் பார்த்துவிட்டு மேனேஜரிடம் கொண்டுபோனார். மேனேஜர், மெட்ராஸுக்குக் கலெக்‌ஷனுக்கு அனுப்ப வேண்டும், கமிஷன் உண்டு, தபால் செலவு உண்டு, நாளாகும் என்றார். கடைசியில் கணக்கில் ஏறியது எவ்வளவு என்று அப்பா சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அந்த முடிச்சும் இல்லை, குத்தும் இல்லை. 2011-ல் மின்னணு முறை வந்தது. 2019-லிருந்து கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டினாலே போதும், வாங்கிய கணக்கெல்லாம் அதன் பெயரில் ஏறிவிடும். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய மூன்று ரசீதுவரை சேர்த்து 100 வெள்ளி ஆகிவிட்டால் சலுகைக்குத் தகுதி. வாங்கி இரண்டு மாதத்துக்குள் பொருளோடு கிளம்ப வேண்டும். விமான நிலையத்தில் ஓர் இயந்திரம். என் மகள் பாஸ்போர்ட்டை அதன் வாயில் வைத்தாள். நாங்கள் எங்கெங்கே என்னென்ன வாங்கினோம் என்று பட்டியல் வந்து நின்றது. நான் சிங்கப்பூர்க் குடிமகன் இல்லை, நிரந்தரவாசி இல்லை, இங்கே வேலை பார்க்கவில்லை என்று வரிசையாக ‘இல்லை’ சொன்னதும் ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்றது. பணம் கார்டுக்கு வந்துவிடும். அப்பாவின் 800 வெள்ளிக் கேமராவை இன்றைய வரியில் வாங்கியிருந்தால் உள்ளே ஒளிந்திருக்கும் வரி 66 வெள்ளி. கட்டணம் போனாலும் ஒரு கௌரவமான தொகை. அதைத் தூக்கிக்கொண்டு குடிநுழைவைத் தாண்டினால் கண்ணெதிரே சாக்லெட், சென்ட் கடைகள். கார்டில் பணம் ஏறும் முன்பே அந்தப் பணம் செலவாகிவிடுகிறது.

இயந்திரத்துக்கும் சில நேரம் சந்தேகம் வரும். ‘பொருளைச் சுங்க அதிகாரியிடம் காட்டவும்’ என்று சொல்லிவிடும். அதனால் பெட்டியில் போட்டு அனுப்பும் சாமானுக்குச் செக்-இன் செய்வதற்கு முன்பே, வெளிக்கூடத்து இயந்திரத்தில் வேலையை முடித்துவிட வேண்டும். கையோடு எடுத்துப்போவதற்கு உள்ளே இயந்திரம் உண்டு. எங்களுக்கு முன்னால் நின்ற திருச்சித் தம்பதிக்கு இந்த வித்தியாசம் உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது. பொருளைக் காட்டு என்கிறது இயந்திரம். பொருளோ விமானத்தின் வயிற்றில். “நான் அப்பவே சொன்னேன்” என்று மனைவி ஆரம்பித்தார். அவர் எதையும் அப்போது சொல்லவில்லை என்பது கணவரின் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் மறுக்கவில்லை. நெடுநாள் இல்லறம்.

இந்த எளிமையைக் கண்டு மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. அவர் சிங்கப்பூர்க் குடிமகனாகிப் பல வருடமாகிறது. மகனுக்கு 2,000 வெள்ளியில் லேப்டாப் வாங்க வேண்டும்.

“மாப்ள, உன் பாஸ்போர்ட்ல வாங்கிடுவோமா? 165 வெள்ளிடா. நீ மெஷின்ல தட்டிட்டு, வெளிய வந்து என்கிட்ட குடுத்துட்டு உள்ள போயிடு.”

நான் வாயைத் திறக்கும் முன் அடுக்களையிலிருந்து அத்தை வந்துவிட்டார். “165 வெள்ளிக்காக அந்தப் பிள்ளையை உள்ள தள்ளப் பாக்குறீங்களா? உள்ளங்கிறது ஏர்போர்ட்டுக்கு உள்ள இல்ல!”

“முப்பது வருசமா இந்த நாட்டுக்கு வரி கட்டுறேன். நேத்து வந்தவனுக்குத் திரும்பித் தர்றான்.”

“அதான் ஜி.எஸ்.டி. வவுச்சர்னு தர்றாங்கல்ல?”

“அது வருமானம் கம்மியா இருக்கிறவங்களுக்கு.”

“அப்ப சந்தோசப்படுங்க” என்றார் அத்தை. லேப்டாப் மாமாவின் பெயரிலேயே, முழு வரியோடு வந்து சேர்ந்தது.

மாமாவுக்கு ஆறுதலாக லண்டன் கதையைச் சொன்னேன். பிரிட்டனில் வாட் 20 சதவீதம். அங்கேயும் வெளிநாட்டுப் பயணிக்குத் திருப்பித் தரும் வழக்கம் பல காலம் இருந்தது. 2021 பிறந்ததும் வட அயர்லாந்தைத் தவிர மற்ற இடங்களில் நிறுத்திவிட்டார்கள். 2022 செப்டம்பரில் ஒரு நிதியமைச்சர் அதை மீண்டும் கொண்டுவருவதாக அறிவித்தார். அடுத்த மாதம் அவர் பதவி போயிற்று. பின்னால் வந்தவர் அந்த அறிவிப்பையும் ரத்து செய்தார். “பரவால்ல, அவங்களுக்கும் கிடைக்கலல்ல” என்றார் மாமா. அப்படியொரு மலர்ச்சியை வெகுநாளாய் அவர் முகத்தில் பார்த்ததில்லை.

சென்னையும் மாறிவிட்டது. சாக்பீஸ் இல்லை, பச்சை வழியில் நடந்துகொண்டே இருக்கலாம். 2016-ல் வந்த பேக்கேஜ் விதிகள் அப்போது ஒருவருக்கு 50,000 ரூபாய்ச் சாமான்வரை தீர்வை இல்லை என்றன. வரம்பு எதுவானாலும், அதைத் தாண்டினால் சிவப்பு வழி. நகைக்கான தனிச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவருக்குத்தான். ஒரு வாரம் சுற்றிவிட்டு சிராங்கூன் சாலைச் சங்கிலியோடு வருகிறவருக்கு இல்லை. சாங்கியில் எனக்குப் பின்னால் நின்றவர் சுங்க மேசையில் விலையுயர்ந்த கைக்கடிகாரத்தைப் பெட்டி, உறை, உத்தரவாத அட்டை சகிதம் பரப்பிவைத்து, “பாருங்கள், புதியது, இப்போதுதான் வாங்கினேன்” என்று மூன்று தரம் சொன்னார். ரீஃபண்ட் கிடைத்ததும் கடிகாரம் மணிக்கட்டுக்குப் போயிற்று. பெட்டி குப்பைக்கூடைக்குப் போயிற்று. சென்னையில் அதே மனிதர், தாத்தா கட்டியிருந்து அப்பாவுக்கு வந்து தனக்கு வந்தது போன்ற நிதானத்தோடு பச்சை வழியில் நடந்தார். வாங்கிய பொருளைப் பார்க்க மாட்டார்களா என்று ஒரு நாட்டில் ஏங்கி, பார்த்துவிடுவார்களோ என்று மறு நாட்டில் பதறுகிற இந்த வித்தையில் மட்டும் நம்மவர் அன்றும் இன்றும் மாறவில்லை.

போன தடவை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்த மாமா பழி வாங்கும் உத்தேசத்தோடு வந்திருந்தார். இந்திய ஐ.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15-ம் பிரிவை யாரோ அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணி இங்கே வாங்கி வெளியே கொண்டுபோகும் பொருளுக்கு வரியைத் திருப்பித் தரலாம் என்று 2017-லேயே எழுதிவைத்த பிரிவு. எழுதி வைத்ததோடு சரி, வருடக்கணக்கில் அது ஏட்டைவிட்டு இறங்கவில்லை. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. தியாகராய நகர்ப் பட்டுக்கடையில் அத்தைக்கு 40,000 ரூபாய்ப் புடவை எடுத்தார்கள். 5 சதவீத வரி உள்ளடக்கம். 105-க்கு 5 என்று மாமா போனிலேயே கணக்குப் போட்டு 1,904 ரூபாய் என்று கண்டுபிடித்தார். பில் போடும் இடத்தில் சிவப்பு பாஸ்போர்ட்டை நிமிர்த்தி வைத்து, “டூரிஸ்ட் ரீஃபண்ட் எந்த கவுன்டர்ல?” என்று கேட்டார்.

கல்லாவில் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மாமாவின் நெற்றி விபூதியைப் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, “தம்பி, சாருக்கு ஒரு கட்டைப்பை எக்ஸ்ட்ராவா குடு” என்றார்.