கொசுவுக்கு ஓரணா பீஸ் ரேட்

திருப்பூர்க்காரருக்குப் பீஸ் ரேட்டை விளக்க வேண்டியதில்லை. தைத்த பீஸுக்குக் காசு, தைக்காத பீஸுக்குத் திட்டு. பனியன் கம்பெனிகள் வருமுன்பே இந்த ஏற்பாட்டை மலேரியாவுக்குக் கொண்டுவந்தவர் ரொனால்டு ராஸ் என்ற வெள்ளைக்கார ராணுவ டாக்டர்.

1897-இல் மனிதர் ஊட்டிக்கு வந்தார். நாலு நாள் குளிர்காய்ந்துவிட்டுப் போயிருக்கலாம். மலேரியாவை ஆராய்கிறேன் பேர்வழி என்று சீகூர் மலைச்சரிவில் இறங்கினார். கொசுவலைக்குள் படுத்தும் குளிர்காய்ச்சல் பிடித்துக்கொண்டது. ஆராயப் போனவரே சாம்பிள் பீஸ் ஆனார்.

ஆகஸ்டில் செகந்திராபாத். இந்தமுறை உஷார். ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளியிடம் கடிக்கிற கொசு ஒன்றுக்கு ஓரணா என்று ரேட் பேசினார். பத்துக் கொசு கடித்தது. பத்தணா பட்டுவாடா ஆனது. ஓவர்டைம் கிடையாது, பி.எஃப். கிடையாது. ஆகஸ்ட் 20 அன்று கானைக் கடித்த கொசுக்களில் ஒன்றை அறுத்துப் பார்த்தால், இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமி உட்கார்ந்திருக்கிறது! 1902-இல் ராஸுக்கு நோபல் பரிசு. கானுக்கு அதே பத்தணா. லேபிள் யார் பேரில், தையல் யார் கையில் என்பதெல்லாம் நமக்குப் புதுசா என்ன?

சுதந்திரம் வந்த காலத்தில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா. 8 லட்சம் சாவு. 1953-இல் அரசு டிடிடியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. வீடு வீடாகச் சுவரில் மருந்தடித்து, அடித்த தேதியையும் எழுதிவிட்டுப் போனார்கள். "சாமி ரூம் வேண்டாங்க, அடுப்படி வேண்டாங்க, மாட்டுக் கொட்டாயில வேணா அடிச்சுக்குங்க" என்று பேரம் பேசிய அம்மணிகள் உண்டு. ஆள் தெருமுனை தாண்டியதும் சாணி கரைத்து மெழுகிவிடுவார்கள். அப்படியும் 1965 வாக்கில் கணக்கு ஒரு லட்சத்துக்கு இறங்கியது. சாவு இல்லை என்று அறிக்கை. 1958-லேயே திட்டத்தின் பெயரைக் 'கட்டுப்பாடு' என்பதிலிருந்து 'ஒழிப்பு' என்று மாற்றியாயிற்று. பெயர்ப்பலகை மாற்றுவதில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. ரிஜெக்ட் குறைந்துவிட்டதே என்று செக்கிங் செக்‌ஷனையே வீட்டுக்கு அனுப்பும் முதலாளியைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். பணமும் அக்கறையும் வற்றின; கொசுவுக்கு டிடிடி பழகிப்போனது. பின்னல் துணியில் ஒரு கண்ணி விட்டால் அங்கேயா நிற்கும்? 1976-இல் 64 லட்சம் பேருக்கு மலேரியா.

இதே படத்தை இலங்கை முன்னாலேயே ஓட்டிவிட்டது. 1963-இல் அங்கே நோயாளிகள் மொத்தம் 17 பேர். ஒரு மினிபஸ் போதும். மருந்தடிப்பதை நிறுத்தினார்கள்; 1960-களின் கடைசியில் 5 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் அவர்கள் பட்டுத் திருந்தியவர்கள். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012-இல். 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ்.

நம் கதைக்கு வருவோம். தன்பாத் - ஆலப்புழை எக்ஸ்பிரஸ் ஜார்க்கண்டு, ஒடிசா வழியாகத் திருப்பூர் வருகிறது. டிக்கெட் எடுத்த தொழிலாளியின் ஈரலுக்குள் டிக்கெட் எடுக்காத வைவாக்ஸ் என்ற மலேரியாக் கிருமி மாதக்கணக்கில் தூங்கிக்கொண்டு வரலாம். அதை வேரறுக்க 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை. மூன்றாம் நாளே காய்ச்சல் விடும், நான்காம் நாள் சூப்பர்வைசர் போன் அடிப்பார், மிச்ச மாத்திரை பேன்ட் பாக்கெட்டோடு சலவைக்குப் போய்விடும். தப்பு பையன் மேலா, ஷிப்மென்ட் தேதி மேலா? நீங்களே சொல்லுங்கள்.

நம் ஊர்களில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி கொஞ்சம் ஆசாரமான கொசு. நொய்யல் சாயத்தண்ணீரை ஏறெடுத்தும் பார்க்காது. மேல்தொட்டி, கிணறு என்று நல்ல தண்ணீராகத் தேடித்தான் முட்டையிடும். நமக்கே கிடைக்காத தண்ணீர்!

2027-க்குள் உள்ளூர்த் தொற்று பூஜ்யம், 2030-இல் ஒழிப்பு என்று டெல்லி டெலிவரி தேதி கொடுத்திருக்கிறது. அது இருக்கட்டும், உங்கள் கம்பெனி மொட்டைமாடித் தொட்டிக்கு மூடி இருக்கிறதா? சித்த மேலே ஏறிப் பார்த்துட்டு வந்துருங்க.