கூட்டம் பாக்காத காளை

ஏங் கண்ணு, நடுராத்திரியில போன் போட்டு, "மாமா, யாவாரி ஏமாத்திப்போட்டான், வெள்ளை மாடு செவப்புக் கன்னு போட்டிருக்கு"ன்னு என்ன அழுகை அழுத! காங்கேயங்கன்னு செவலையாத்தான் பொறக்கும். ஆறு மாசம் போவட்டும், தானா மயிலைக்குத் திரும்பும். காளைக்கன்னா இருந்தா பின்னால திமிலும் கழுத்தும் கருக்கும். அதுக்குள்ள போலீஸுக்குப் போயிராத.

நெறத்துல குத்தமில்ல. அது வந்து விழுந்த மாசம்தான் குத்தம். சித்திரை வெயில்ல, மாடு மேயற கொறங்காடு மொட்டையடிச்சுக் கெடக்கறப்ப ஒரு கன்னு! பெங்களூர்ல மணி பார்த்து மீட்டிங்கு போட்டவன், போன ஆடியில மந்தைய வாங்கி எறக்குன கையோட காளையவும் நடுவுல அவுத்துவிட்டுட்ட. அது சும்மாவா நிக்கும்? அதும்பாட்டுக்கு வேலையப் பார்த்திருக்கு.

சினை ஒம்போது மாசம், மேல ஒரு பத்து நாள். ஆடிக்காத்து நம்ம கண்ணுல மண்ணத்தான் அள்ளிப்போடும். காங்கேயத்துக்கு மழைன்னா ஐப்பசி, கார்த்திகை. அங்கிருந்து பின்னால எண்ணிப்பாரு, தையும் மாசியும் வருதா? அந்த ரெண்டு மாசம் காளைய மந்தையில விடு, மிச்ச நாளெல்லாம் படலுக்கு அந்தப்பக்கம் கட்டு. கன்னு விழறப்பக் கொழுக்கட்டைப்புல்லு தளதளன்னு நிக்கும், தாய்க்குப் பால் எறங்கும். சித்திரையில ஈன மாடு தன் ஒடம்பக் கரைச்சுத்தான் கன்னுக்கு ஊட்டுது. விலாவெலும்ப எண்ணலாம். 21 நாளைக்கு ஒருக்கா கத்த வேண்டியது வாயே தொறக்காது. நீ மாட்டுடாக்டரக் கூட்டியாந்து ஊசி போடச் சொல்லுவ. அவரு மாட்டப் பார்த்துப்போட்டு, அப்புறம் உன்னையும் ஒரு பார்வை பார்ப்பாரு.

ஐப்பசியில பச்சையக் கண்டதும் அத்தனையவும் உள்ள முடுக்கிவிட்றாத. உங்க தாத்தன் காட்டத் துண்டு துண்டாக் கிளுவை வேலி போட்டுப் பிரிச்சது பொழுது போகாமயா? ஒரு துண்டைப் படல் சாத்தி வை. புல்லு கதிர் விட்டு விதை உதிரட்டும், கோடைக்கு அதுதான் கஞ்சி. கூடவே வெள்வேலங்காய் விழும், மாடு ஒண்ணொண்ணாப் பொறுக்கித் திங்கும். நீ என்னடான்னா, "இந்த முள்ளு மரத்த வெட்டிப்போட்டு சோலார் போடலாமா மாமா"ங்கற. தாராளமாப் போடு. உச்சி வெயிலுக்கு மாடும் நீயும் பேனலுக்கு அடியில ஒண்டிக்கலாம்.

மழைக்கு முன்னால தொண்டை அடைப்பான் ஊசி, கோமாரிக்கு வருசம் ரெண்டு தரம், பூச்சி மருந்து. இதெல்லாம் உன் போன்லயே மணியடிக்கும். ஆனா, வாடி நிக்கற எளஞ்சோளத்துல மாட்ட விட்டா வெசம் ஏறிச் சாஞ்சுபோகுமுன்னு அது சொல்லுச்சா? பூவெடுத்தப்புறம் அறுத்துப் போடு.

இன்னொரு சங்கதி. உன் கல்யாணத்துக்கு எத்தனை எடம் வந்துச்சு! ஒரே கூட்டம், பங்காளி மொறைன்னு உங்கம்மா எத்தனையத் தட்டிவிட்டா! காளைக்கு ஆரு கூட்டம் பார்த்தா? உன் மந்தையில அந்தப் பெரிய கெடேரிக மூணுக்கும் இதே காளைதான் அப்பன்னு வித்தவனே சொன்னான். நீ போனை நோண்டிக்கிட்டிருந்த. வர்ற தையில அதுகளும் பருவத்துக்கு வந்துரும். அப்பனே மாப்பிள்ளையானா, மொய்யெழுத நான் வரமாட்டேன். பழையகோட்டைப் பட்டக்காரர் மந்தை பேர் வாங்குனது பொலிகாளையப் பொறுக்கிப் பொறுக்கி வெச்சுத்தான். மகள் பருவத்துக்கு வாரதுக்குள்ள அப்பன மாத்தியாகணும்.

இந்த மாசமே கண்ணபுரம் தேர்ச்சந்தை வருது. அங்க போயி ஒரு பொலிகாளை புடிப்போம். தனியாப் போயிராத. தரகன் துண்டுக்குள்ள கைய விட்டு விரலப் புடிச்சு வெலை பேசுவான். நீ கைகுடுத்து "நைஸ் டு மீட் யூ"ன்னுருவ. என்னையக் கூட்டிட்டுப் போ. வண்டிக்கு டீசல் நீ போடு, கறிச்சோறும் உன் கணக்கு. உங்கத்தைகிட்ட மட்டும் டீ குடிச்சோமுன்னு சொல்லு.