டிசம்பரில் பிறந்தது யார் குற்றம்?

வியட்நாமுக்கு யாரை அனுப்புவது என்பதைத் தலையெழுத்தின் பொறுப்பில் விட்டுவிடலாம் என்று 1969-இல் அமெரிக்கா முடிவெடுத்தது. தலையெழுத்துக்கு வாஷிங்டனில் அலுவலகம் இல்லாததால் ஒரு கண்ணாடி ஜாடியை வாங்கி வைத்தார்கள்.

அதுவரை ஊருக்கு ஊர் இருந்த ஆள்சேர்ப்புக் குழுக்கள்தான் யார் போவது, யார் தப்பிப்பது என்று பார்த்துவந்தன. கல்லூரியில் படிப்பவனுக்குத் தள்ளிவைப்பு உண்டு. அதனால் வசதியுள்ள வீட்டுப் பையன்களுக்குத் திடீரென்று கல்வியில் ஆர்வம் பொங்கியது. வசதியில்லாதவன் துப்பாக்கியைத் தூக்கினான். ஊரெல்லாம் முணுமுணுப்பு. ஆகவே அதிபர் நிக்சன் நவம்பர் 26 அன்று ஒரு கையெழுத்தைப் போட்டார். இனி பிறந்தநாள் குலுக்கல். 1944 முதல் 1950 வரை பிறந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒரே விதி. குலுக்கல் நாள் டிசம்பர் 1. நடுவில் இருப்பது நாலே நாள். அதில் ஒன்று தேங்க்ஸ்கிவிங் பண்டிகை, அடுத்து சனி, ஞாயிறு. வான்கோழியையும் பார்க்க வேண்டும், தேசத்தையும் பார்க்க வேண்டும்.

வேலை என்னவோ சுலபம்தான். லீப் நாளையும் சேர்த்து 366 தேதிகள். ஒவ்வொன்றையும் சீட்டில் எழுதி, ஒரு நீலநிற பிளாஸ்டிக் குப்பிக்குள் அடைக்க வேண்டும். பிறகு கலக்க வேண்டும். முதல் வேலையை மனசாட்சியோடு செய்தார்கள்.

கலக்கிய அழகு இப்படி. ஜனவரிக் குப்பிகள் 31-ஐயும் ஒரு மரப்பெட்டியில் கொட்டினார்கள். அட்டையால் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு பிப்ரவரியைக் கொட்டி, இரண்டையும் கலந்தார்கள். அடுத்து மார்ச். இப்படியே டிசம்பர் வரைக்கும். கணக்குப் போட்டால் ஜனவரிக்குப் பதினோரு கலக்கல், டிசம்பருக்கு ஒரே ஒரு கலக்கல். பெட்டியை மூடிச் சில தடவை ஆட்டி, மாடிக்குத் தூக்கிப்போய் ஜாடியில் கவிழ்த்தார்கள். மூன்று மாடி ஏறும்போது பெட்டி குலுங்கியிருக்கும் அல்லவா, அதுவும் கலக்கல் கணக்கில் சேர்ந்தது. ஜாடியோ இரண்டு அடி ஆழம். எடுக்க வந்தவர்கள் பெரும்பாலும் மேலாகக் கைவிட்டு, அகப்பட்டதை எடுத்தார்கள். சாம்பாரை அடியோடு கிளறாமல் மேலாக மொண்டு ஊற்றினால் எந்தப் பந்திக்குத் தெளிவு, எந்தப் பந்திக்குக் காய் என்று பரிமாறுகிறவருக்குத் தெரியும். ராணுவத்தில் அவரை யாரும் கேட்கவில்லை.

ஆனால் சடங்கில் ஒரு குறை சொல்ல முடியாது. சி.பி.எஸ். தொலைக்காட்சி, வழக்கமாகப் போடும் ‘மேபெரி ஆர்.எஃப்.டி.’ என்ற நகைச்சுவைத் தொடரை நிறுத்திவிட்டுக் குலுக்கலை நேரலையில் காட்டியது. முதல் குப்பியை எடுத்தவர் காங்கிரஸ் உறுப்பினர் அலெக்சாண்டர் பிர்னி. செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்தவனுக்கு வரிசை எண் 1. மீதியை எடுக்க இளைஞர் பிரதிநிதிகளை அழைத்து வந்திருந்தார்கள்; சாகப் போகிற வயசுக்காரர்களுக்கும் நிர்வாகத்தில் பங்கு கொடுத்த மாதிரி ஆயிற்று. ஏப்ரல் 24 இரண்டாவது, டிசம்பர் 30 மூன்றாவது, காதலர் தினம் நான்காவது. கடைசி எண் 366 ஜூன் 8-க்கு வாய்த்தது.

ஒரே நாளில் பிறந்த பலருக்குள் யார் முதலில் என்பதற்கும் தனிக் குலுக்கல் போட்டார்கள். ஆங்கில எழுத்துகள் இருபத்தாறையும் கலந்து எடுத்ததில் ‘ஜே’ முதலில், ‘வி’ கடைசியில். இதனால் அப்பா வைத்த பெயரும் ஒரு ராணுவ ரகசியமாயிற்று.

மேடையின் மூலவர் ஜெனரல் லூயிஸ் ஹெர்ஷி, வயது 76. 1941 முதல் ஆள்சேர்ப்புத் துறையின் நாற்காலியை விட்டு எழாதவர். துறைக்குக் குலுக்கல் ஒன்றும் புதிதல்ல. 1940 அக்டோபர் 29 அன்று இதைவிடப் பெரிய திருவிழா நடந்தது. சுமார் 9,000 எண்கள். போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சனின் கண்ணைக் கட்டிய துணி, சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டபோது இருந்த நாற்காலியிலிருந்து கிழித்தது. துழாவிய மரக்கரண்டி, சுதந்திர மண்டபத்தின் உத்தரத்தில் அறுத்தது. புனிதமான கரண்டிதான், ஆனால் துழாவத் துழாவச் சில குப்பிகள் வாயைப் பிளந்தன, துழாவலை நிறுத்திவிட்டார்கள். எண்களை நூறு நூறாகக் கொட்டியிருந்ததால், வந்த வரிசையிலும் அந்த நூறுகள் ஒட்டிக்கொண்டே வந்தன. துறை இதிலிருந்து கற்ற பாடம்: அடுத்த தடவை கரண்டியே வேண்டாம்.

1969-க்கு வருவோம். பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. செப்டம்பர், ஏப்ரல், டிசம்பர், பிப்ரவரி என்று தாறுமாறாகத்தானே இருக்கிறது? ஆனால் கண்ணுக்குத் தாறுமாறாகத் தெரிவது வேறு, எல்லா வரிசைக்கும் சம வாய்ப்பு இருப்பது வேறு. புள்ளியியல்காரர்கள் வேலையற்றுப்போய் மாதவாரியாகச் சராசரி எடுத்தார்கள். நேர்மையான குலுக்கலில் எந்த மாதத்தின் சராசரி எண்ணும் 183.5-ஐச் சுற்றித்தான் நிற்க வேண்டும். ஜனவரிக்கு 201, மார்ச்சுக்கு 226. அப்புறம் சரிவு: செப்டம்பருக்கு 157, நவம்பருக்கு 149, டிசம்பருக்கு 121.5. ஆண்டு இறங்க இறங்க எண்ணும் இறங்குகிறது. எண் இறங்கினால் அழைப்பு சீக்கிரம் வரும். ஒழுங்காகக் கலந்த ஜாடியிலிருந்து இவ்வளவு சாய்வு தற்செயலாக வர, ஐம்பதாயிரத்தில் ஒரு வாய்ப்புகூடத் தேறாது.

அந்தக் குலுக்கலில் 195-ஆம் எண் வரை அழைப்பு போனது. டிசம்பரின் 31 நாள்களில் 26 மாட்டிக்கொண்டன. தப்பித்தவை 2, 12, 15, 17, 19 ஆகிய ஐந்தே தேதிகள். சமமாகப் பிரிந்திருந்தால் பதினான்கு தப்பியிருக்கும். ஸ்டீஃபன் ஃபீன்பெர்க் என்ற புள்ளியியலாளர் 1971-இல் ‘சயன்ஸ்’ இதழில் இந்தக் கூத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்தார். ஆனாலும் முதல் குலுக்கலை மறுபடி நடத்தவில்லை.

1970 ஜூலை 1-ஆம் தேதி நடந்த இரண்டாவது குலுக்கலுக்குள் நிபுணர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். தரநிர்ணய அலுவலகத்தார் தற்செயல் எண் அட்டவணைகளை வைத்துத் தேதிகளைக் கலைத்துப் பல பட்டியல் தயாரித்தார்கள். எந்தப் பட்டியல் என்பதையும் தற்செயலாகவே பொறுக்கினார்கள். இரண்டு உருளைகள்: ஒன்றில் தேதி, மற்றொன்றில் எண். இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்து ஜோடி சேர்க்க வேண்டும். ஓர் உருளையில் சோம்பேறித்தனம் இருந்தாலும் இன்னொன்று காப்பாற்றும். ஒழுங்கில்லாத ஒரு வரிசையை உண்டாக்க இவ்வளவு ஒழுங்கு தேவைப்பட்டது.

கணக்குப்படி எல்லாம் சுபம். ஒரு சின்ன விஷயம்தான் பாக்கி. 1969-இலேயே ஜாடியை அடியோடு கலக்கியிருந்தாலும் ராணுவத்துக்கு வேண்டிய தலைகளில் ஒன்றுகூடக் குறைந்திருக்காது. டிசம்பர்க்காரனுக்குப் பதில் மார்ச்சுக்காரன் விமானம் ஏறியிருப்பான். அவன் அம்மாவிடம் போய், ‘உங்கள் பையனைப் புள்ளியியல் முறைப்படிதான் தேர்ந்தெடுத்தோம்’ என்று சொல்லத் துணிச்சலுள்ள நிபுணரை எந்த உருளையைச் சுற்றியும் எடுத்திருக்க முடியாது.